பெரியப்பா வீட்டு டிவியில் அந்த மேட்ச் ஏன் வரவில்லை?

2024 ஜூன் 29, சனிக்கிழமை இரவு. பார்படாஸில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மோதிக்கொண்டிருந்தன. எட்டு மணி தாண்டியிருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டுக் கிரிக்கெட் பழகிய தலைமுறை.

“ஏம்ப்பா, டிடி ஸ்போர்ட்ஸ்ல காசில்லாமக் காட்டுவான்னு சொன்னியே. இங்க ஏதோ பழைய ஹாக்கி ஆட்டம்ல்லா ஓடுது?”

நான் சொன்னது உண்மை. தூர்தர்ஷனில் அந்த ஆட்டம் இலவசமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் சொன்னதும் உண்மை. அவர் வீட்டில் அதே சேனல், அதே நேரம், வேறு நிகழ்ச்சி. கடைசி ஐந்து ஓவரை அவர் பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியில் குனிந்து பார்த்து முடித்தார். எழுபது வயதில் அப்படிப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு மனதைப் பிசைந்தது.

இரண்டு பேர் சொன்னதும் எப்படி உண்மையாகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விளையாட்டை டிவியில் பார்ப்பதற்கு ஏன் காசு கொடுக்கிறோம், எது இலவசம், அந்த இலவசத்தை யார் தருகிறார்கள், அது ஏன் சில வீடுகளுக்கு மட்டும் வருகிறது என்று முதலிலிருந்தே பார்ப்போம்.

தோப்பும் குத்தகையும்

மாந்தோப்புக் குத்தகை எப்படி நடக்கும் என்று நம் ஊர்களில் பலருக்கும் தெரியும். பூப்பூக்கும் பருவத்திலேயே ஒருவர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துவிடுவார். காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் உரிமையாளருக்குப் பேசிய பணம் போய்ச் சேரும். அதன்பின் பழம் குத்தகைக்காரருடையது. காவலுக்கு ஆள் போடுவதும், சந்தைக்குக் கொண்டுபோவதும், போட்ட காசை எடுப்பதும் அவர் பாடு.

ஒளிபரப்பு உரிமையும் இதேதான். ஆட்டத்தை நடத்துகிறவர், அதாவது இந்தியக் கிரிக்கெட் வாரியமோ சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலோ, தோப்புக்காரர். ஏலத்தில் உரிமையை எடுக்கும் டிவி நிறுவனம் குத்தகைக்காரர். கேபிள் ஆபரேட்டரும், செயற்கைக்கோளிலிருந்து வீட்டுக் கிண்ணத்துக்கு நேரே அனுப்பும் டிடிஎச் நிறுவனமும் பழத்தை வீட்டு வாசல் வரை கொண்டுவரும் வண்டிக்காரர்கள். நாம் மாதாமாதம் பணம் கொடுப்பது வண்டிக்காரர் கையில். அதில் ஒரு பகுதி குத்தகைக்காரருக்குப் போகிறது. குத்தகைக்காரர் ஏற்கெனவே தோப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

குத்தகை எவ்வளவு பெரியது? ஐபிஎல்லையே எடுத்துக்கொள்வோம். 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கான உரிமை 2022 ஜூனில் ஏலம் போனது. மொத்தம் 48,390 கோடி ரூபாய். இந்தியத் துணைக்கண்டத்துக்கான டிவி உரிமைக்கு மட்டும் 23,575 கோடி, இங்குள்ள டிஜிட்டல் உரிமைக்கு 20,500 கோடி. 410 ஆட்டங்களை வைத்துக் கணக்கிட்ட ஏலம் அது. வகுத்துப் பாருங்கள்: ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. இரண்டு இன்னிங்ஸுக்கும் சேர்த்து 240 பந்து. ஒரு பந்துக்கு ஏறத்தாழ 49 லட்சம் ரூபாய். வைடு, நோ பால் தனி.

இவ்வளவு கொடுத்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. நேரலை விளையாட்டு ஒன்றுதான் இன்றைக்கும் கோடிக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் திரை முன் உட்கார வைக்கிறது. சீரியலை நாளைக்குப் பார்க்கலாம், படத்தை அடுத்த மாதம் பார்க்கலாம். கடைசி ஓவரை நாளைக்குப் பார்த்து என்ன பயன்? மாம்பழம் போலவே அன்றைக்கு விற்றால்தான் விலை. அதனால் அந்த நான்கு மணி நேரத்தில் போட்ட காசை எடுத்தாக வேண்டும்.

இரண்டு பணப்பை

எடுப்பதற்கு வழி இரண்டே இரண்டு. ஒன்று விளம்பரம். மற்றொன்று சந்தா.

விளம்பரத்தை மட்டும் நம்பி நடப்பது இலவச ஒளிபரப்பு. பார்க்கிறவர் எதுவும் கொடுக்க வேண்டாம், அவருடைய கண்ணைக் கொடுத்தால் போதும். சோப்புக் கம்பெனியும் பைக் கம்பெனியும் அதற்குக் காசு கொடுத்துவிடும். (அந்தக் காசு சோப்பின் விலையில் இருக்கிறது என்பதால் இதுவும் முழு இலவசம் இல்லை. ஆனால் மேட்சே பார்க்காதவரும் அந்தச் சோப்பை வாங்குகிறார், ஆகவே சுமை பரவிவிடுகிறது.) கட்டணச் சேனல் இரண்டு பையிலும் கை விடுகிறது: விளம்பரமும் போடும், சந்தாவும் வாங்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு இதுதான் வியப்பாக இருக்கும். “காசு கொடுத்துத்தானே பார்க்கிறேன், பின்னே ஏன் ஓவருக்கு ஓவர் விளம்பரம்?” என்று கேட்காதவர் யார்? குத்தகை அவ்வளவு பெரிது. ஒரு பை போதாது.

மூன்றாவதாக அரசு அல்லது பொது நிதியில் நடக்கும் ஒளிபரப்பு. நம்மிடம் தூர்தர்ஷன், பிரிட்டனில் பிபிசி. பிபிசிக்காக அங்கே டிவி பார்க்கும் ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல் லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறது. நம் நாட்டிலும் ரேடியோவுக்கும் டிவிக்கும் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு, எண்பதுகளில் அது ஒழிந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் கேபிள் பில்லில் ‘இலவசச் சேனல்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சேனல் நிறுவனம் ஆபரேட்டரிடம் காசு கேட்பதில்லை என்பதே அதன் பொருள். நீங்கள் காசு கொடுக்காமல் பார்க்கலாம் என்று பொருள் இல்லை. கம்பிக்கும் பெட்டிக்குமான அடிப்படைக் கட்டணத்தை நீங்கள் கட்டியே ஆக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-இல் கொண்டுவந்த புதிய விதியில், முதல் நூறு சேனலுக்கு இந்த அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாயாக இருந்தது, வரி தனி. அந்த வரம்பு 2024-இல் நீக்கப்பட்டது. அதற்கு மேல் நீங்கள் விரும்பும் கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ சேர்க்க வேண்டும். தொகுப்பில் சேர்க்கப்படும் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது விதி. பெரிய விளையாட்டுச் சேனல்கள் அந்த வரம்பை ஒட்டியே விலை வைப்பதும், தனியாக வாங்குவதைவிடத் தொகுப்பு மலிவாகத் தெரிவதும் தற்செயல் அல்ல. விளையாட்டுச் சேனலுக்காகத் தொகுப்பை வாங்கிய வீட்டில், யாரும் பார்க்காத நாலைந்து சேனல்கள் சேர்ந்து வந்திருக்கும்.

தூர்தர்ஷன் காசு கேட்ட காலம்

இன்றைக்கு நம்ப முடியாது, ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை கிரிக்கெட்டைக் காட்டத் தூர்தர்ஷன் வாரியத்துக்குப் பணம் கொடுக்கவில்லை, காட்டுவதற்கான செலவை வாரியத்திடமே கேட்டது. நாட்டில் வேறு சேனலே இல்லை. தோப்பு இருந்தும் சந்தைக்குப் போக ஒரே வண்டி. வண்டிக்காரர் சொன்னதே வாடகை.

இது உடைந்தது 1993 நவம்பரில். வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை நடத்தியது. உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷனும் அரசும் ஒப்பவில்லை. இந்திய மண்ணிலிருந்து சிக்னலை அனுப்பும் அதிகாரம் அரசுக்கே என்று வாதிட்டன. ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஓடியது. அந்தத் தொடரின் அரையிறுதியில்தான், தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவைப்பட்ட கடைசி ஓவரை வீசி சச்சின் மூன்று ரன் மட்டும் கொடுத்தார். அந்த ஓவரை நினைவில் வைத்திருப்பவர்களில் பலருக்கு, அதை வீட்டில் பார்ப்பதற்காக நீதிமன்றத்தில் ஒரு போர் நடந்தது தெரியாது.

1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வானலை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதை நிர்வகிக்கத் தன்னாட்சியான அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி 1997-இல் செயலுக்கு வந்தது. தனியார் சேனல்களுக்குக் கதவு திறந்தது, வாரியத்துக்குப் பணம் கொட்டத் தொடங்கியது.

கதவு திறந்ததும் அடுத்த சிக்கல். ஏலத்தில் எடுத்தவர் தன் கட்டணச் சேனலில் மட்டும் காட்டினால், கேபிள் இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வார்? 2004-இல் இந்திய அணி பல ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தானுக்கு முழுத் தொடர் ஆடப் போனது. உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். நாடே பார்க்கத் துடித்த தொடர் அது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், சிக்னலைத் தூர்தர்ஷனுக்குக் கொடுக்க உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்தபோது அதே சண்டை மறுபடி. ஒவ்வொரு தொடருக்கும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று அரசு முதலில் அவசரச் சட்டமும், பிறகு மார்ச்சில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது.

2007 சட்டம் என்ன சொல்கிறது

பெயர் நீளம், சாரம் சிறிது. ‘தேசிய முக்கியத்துவம் உள்ள’ விளையாட்டு நிகழ்ச்சி என்று அரசு அறிவித்த ஒன்றை நேரலையாகக் காட்டும் எந்தச் சேனலும், அதே நேரத்தில் அந்தச் சிக்னலைத் தன் விளம்பரங்கள் இல்லாமல் பிரசார் பாரதிக்குக் கொடுக்க வேண்டும். பிரசார் பாரதி அதில் தன் விளம்பரத்தைப் போட்டுக் காட்டும். வரும் விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 பங்கு உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. வானொலி வர்ணனை என்றால் பாதிக்குப் பாதி.

எது தேசிய முக்கியத்துவம்? அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு அதில் உண்டு. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் உண்டு. உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் கோப்பை ஆகியவற்றின் அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் இந்தியா ஆடாவிட்டாலும் உண்டு. ஹாக்கி, கால்பந்து, டென்னிஸிலும் சில ஆட்டங்கள் உண்டு.

ஐபிஎல் இல்லை. புரோ கபடி இல்லை.

இந்த இரண்டு ‘இல்லை’யில் முதலாவதை என்னால் ஏற்க முடிகிறது. ஐபிஎல் தனியார் அணிகளின் லீக். அதை வியாபாரமாகவே தொடங்கினார்கள், வியாபாரமாகவே நடத்துகிறார்கள். பார்க்க விரும்புகிறவர் காசு கொடுப்பதில் தவறு இல்லை. இரண்டாவது எனக்கு வலிக்கிறது. கபடி ஊர்த் திடல்களில் மண்ணில் ஆடி வளர்ந்த விளையாட்டு. புரோ கபடியில் நம் அணியான தமிழ் தலைவாஸ் ஆடும் ஆட்டத்தை, பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தும் ஊரின் பையன் கட்டணச் சேனலில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. லீக் முழுவதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இறுதியாட்டம் ஒன்றையாவது திறந்துவிட்டால் அந்த விளையாட்டுக்கே நல்லது என்பது என் எண்ணம்.

பெரியப்பா வீட்டில் ஹாக்கி ஓடியதற்குக் காரணம்

இப்போது அந்த இரவுக்கு வருவோம். உலகக் கோப்பை இறுதி. பட்டியலில் இருக்கிறது. சிக்னல் பகிரப்பட்டது. தூர்தர்ஷன் காட்டியது. பின் ஏன் அவருக்கு வரவில்லை?

சட்டத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. பிரசார் பாரதி அந்தச் சிக்னலை ‘தன்னுடைய’ தரைவழி ஒளிபரப்பிலும் ‘தன்னுடைய’ டிடிஎச் சேவையிலும் மறுஒளிபரப்பலாம். தரைவழி என்றால் கொடைக்கானல் கோபுரம் போன்ற தூர்தர்ஷன் டவர்களிலிருந்து வீட்டுக் கூரை ஆன்டெனாவுக்கு நேரே வருவது. டிடிஎச் சேவை என்பது டிடி ஃப்ரீ டிஷ். கேபிளைப் பற்றி அந்தச் சொற்றொடர் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் வேறொரு சட்டம், கேபிள் ஆபரேட்டர்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பல ஆண்டுகள், தூர்தர்ஷனில் மேட்ச் ஓடினால் அது கேபிள் வீட்டிலும் தானாக வந்தது. கட்டணச் சேனல் இல்லாத வீட்டிலும் டிடியைப் போட்டால் மேட்ச் தெரிந்தது. 2011 உலகக் கோப்பையை, 2015 உலகக் கோப்பையை அப்படிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

குத்தகைக்காரர் பக்கமிருந்து இதைப் பாருங்கள். கோடிக்கணக்கில் கொடுத்துத் தோப்பை எடுத்தேன். ஏழைகளுக்குக் கொஞ்சம் பழம் கொடு என்றார்கள், கொடுத்தேன். ஆனால் வேலியில் ஒரு ஓட்டை விழுந்து, காசு கொடுத்து வாங்கக்கூடியவரும் அந்த வழியாகவே எடுத்துப் போகிறார். கேபிள் வீட்டுக்காரர் என் சேனலுக்குச் சந்தா கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. வாதம் பொய்யல்ல. விளையாட்டுச் சேனலும் கிரிக்கெட் வாரியமும் இந்த வாதத்தோடு நீதிமன்றம் போயின. டெல்லி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2017 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பகிரப்பட்ட சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிக்கும் சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுமே, கேபிளுக்கோ தனியார் டிடிஎச்சுக்கோ போகக் கூடாது.

அன்றிலிருந்து தூர்தர்ஷன் இரண்டு ஓட்டம் ஓட்டுகிறது. ஃப்ரீ டிஷ்ஷில் மேட்ச். கேபிளுக்குப் போகும் அதே சேனலில் வேறு நிகழ்ச்சி. கேபிள்காரர் மறைக்கவில்லை. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கு வருவதே அதுதான். பெரியப்பா பார்த்த பழைய ஹாக்கி ஆட்டம் அப்படி வந்தது.

தீர்ப்பைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் நீதிமன்றம் படித்தது. கேபிளுக்கும் பகிர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த 2018-இல் அரசே ஒரு வரைவை வெளியிட்டது. என் மனக்குறை அந்தச் சொற்றொடரோடுதான். சட்டத்தை எழுதிய 2007-இல் தரைவழி உயிரோடு இருந்தது. கூரையில் மீன்முள் ஆன்டெனா வைத்தால் போதும். இன்றைக்கு அந்த டவர்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. மிஞ்சியது ஃப்ரீ டிஷ் ஒன்றே. 2004 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவை மாதக் கட்டணம் இல்லாதது. கிண்ணமும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. நாடு முழுக்க நான்கு கோடி வீடுகளுக்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் அதன் பெரும் கூட்டம் இந்தி பேசும் மாநிலங்களில். அங்குள்ள படச் சேனல்களும் சீரியல் சேனல்களும் அதில் இலவசமாகக் கிடைப்பதே காரணம். தமிழ் வீடு அதை வாங்கினால் தினசரி பார்க்கும் தமிழ்ச் சேனல்கள் பெரும்பாலும் கிடைக்காது.

தமிழ்நாடோ கேபிள் நாடு. சந்துக்குச் சந்து கம்பி போன ஊர்கள். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, கூலி வேலை செய்யும் வீட்டிலும் கேபிள் நுழைந்துவிட்டது. ஆக, ‘கேபிள் வைத்திருப்பவர் வசதியானவர், சந்தா கட்டட்டும்’ என்ற கணக்கு பீகாரில் எப்படியோ, விருதுநகர் மாவட்டத்தில் பொருந்தாது. தேசிய முக்கியத்துவம் என்று அரசே முத்திரை குத்திய ஆட்டம், ஒருவரின் வருமானத்தைப் பார்த்தல்ல, அவர் வீட்டுக்குள் எந்தக் கம்பி வருகிறது என்பதைப் பார்த்து இலவசமாகவோ இல்லாமலோ ஆகிறது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைத்த ஒரே புகார் இதுதான்.

கைபேசியில் வந்த இலவசம்

“டிவியை விடுங்கள், போனில் இலவசமாகவே வருகிறதே” என்பவர்கள் உண்டு. வந்தது. 2023 ஐபிஎல்லை ஜியோ சினிமா செயலி எல்லோருக்கும் காசில்லாமல் காட்டியது. இறுதியாட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். போட்டி நிறுவனமான டிஸ்னி ஹாட்ஸ்டார் சும்மா இருக்குமா? அந்த ஆண்டு உலகக் கோப்பையைக் கைபேசியில் இலவசமாக்கியது. அகமதாபாத் இறுதியாட்டத்தில் அந்த எண்ணிக்கை 5.9 கோடியைத் தொட்டது.

20,500 கோடி கொடுத்து எடுத்ததை இலவசமாகக் காட்டுவது தானதர்மம் அல்ல. புதுக் கடை திறந்தால் முதல் வாரம் தள்ளுபடி போடுவது போல, ஆளைச் சேர்க்கிற வழி. 2024 நவம்பரில் இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. 2025 பிப்ரவரி 14-இல் ஜியோ ஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலி வந்தது. அப்போது கைபேசிக்கு மூன்று மாதத்துக்கு 149 ரூபாயிலிருந்து சந்தா. அந்த ஆண்டு ஐபிஎல்லை முழுமையாகப் பார்க்கச் சந்தா, அல்லது சந்தா சேர்த்துத் தரும் ரீசார்ஜ் தேவைப்பட்டது. இரண்டு கடை இருந்தபோது கிடைத்த தள்ளுபடி, ஒரு கடை ஆனதும் போய்விட்டது.

செயலியில் இன்னொரு செலவு டேட்டா. மூன்றரை மணி நேர ஆட்டம் சாதாரண ரீசார்ஜின் அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். படமும் சில நொடிகள் பிந்தி வரும். பக்கத்து வீட்டு டிவியில் ஆரவாரம் கேட்டபின் நம் போனில் சிக்ஸர் போகும்.

வேறு வகை இலவசமும் உண்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதை, யூடியூபில் காசில்லாமல் பார்த்தோம். சதுரங்கத்துக்கு இப்போது தேவை பார்வையாளர்கள், அதனால் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்ட விளையாட்டுகள்தான் கதவில் டிக்கெட் கவுன்டர் வைக்கின்றன.

பிரிட்டன் ஒரு முறை செய்து பார்த்தது

கட்டணச் சுவர் எழுந்தால் விளையாட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து கிரிக்கெட்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு பட்டியல் உண்டு. ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து, விம்பிள்டன் இறுதி போன்றவை, 95 விழுக்காடு மக்களுக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் சேனலுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பது நீண்ட காலம் அதன் அளவுகோல். கவனியுங்கள், அவர்கள் எண்ணியது மக்களை. நாம் எண்ணியது தூர்தர்ஷனின் கருவிகளை.

1998-இல் உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்களை அந்த முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடர் 2005-இல் சேனல் ஃபோர் என்ற இலவசச் சேனலில் வந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து ஆஷஸை வென்ற தொடர் அது. டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்ட்டின் உச்சத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து உரிமை ஸ்கை என்ற கட்டணச் சேனலுக்குப் போனது. 2009-இல் இங்கிலாந்து மறுபடி ஆஷஸை வென்றது, உச்சத்தில் பார்த்தவர்கள் 20 லட்சத்துக்குள். வெற்றி அதேதான், பார்த்த கண்கள் நாலில் ஒரு பங்கு.

ஆனால் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்கை கொடுத்த பணம் அந்த நாட்டுக் கிரிக்கெட்டைத் தாங்கியது. நம் ஊரிலும் அப்படித்தான். மாநில அணிகளின் ரஞ்சிக் கோப்பையில் ஆடும் வீரருக்கு ஆடும் நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை என்று 2021-இல் வாரியம் உயர்த்தியது உரிமைப் பணத்தில்தான். பெண்கள் பிரீமியர் லீகின் முதல் ஐந்து ஆண்டு உரிமை 951 கோடிக்குப் போனது. முன்பு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்கச் சேனலே இல்லாத காலம் இருந்தது. சந்தா கட்டுகிறவர் ஏமாளி அல்ல. அவர் பணம் எங்கேயோ ஒரு பெண்ணின் கையில் மட்டையாகிறது.

2019 உலகக் கோப்பை இறுதிக்கு இங்கிலாந்து வந்தபோது, ஸ்கை அந்த ஒரு ஆட்டத்தைச் சேனல் ஃபோரோடு பகிர்ந்துகொண்டது. லார்ட்ஸில் சூப்பர் ஓவரும் சமனான அந்த மாலையை, சந்தா கட்டாத வீடுகளும் பார்த்தன.

மேட்சுக்கு முன் என்ன பார்ப்பது

நடைமுறைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இந்திய அணியின் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டமா, ஒலிம்பிக்கா, உலகக் கோப்பை அரையிறுதி, இறுதியா? பட்டியலில் இருக்கும், ஃப்ரீ டிஷ்ஷில் தேடுங்கள். லீக் ஆட்டமா? கேபிளில் அந்த ஒரு சேனலை மட்டும் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும், விதி அனுமதிக்கிறது. தொடர் முடிந்ததும் எடுத்துவிடச் சொல்ல மறக்காதீர்கள், தானாக நிற்காது. செயலிச் சந்தா எடுத்தால் தானாகப் புதுப்பிக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். டெலிகிராமில் வரும் திருட்டு லிங்க்கைத் தொடாதீர்கள். சட்டப் பிரச்சினை ஒரு பக்கம், போனில் எதை இறக்குகிறது என்பது யாருக்கும் தெரியாது.

பெரியப்பா 2025 பொங்கல் முடிந்ததும் ராஜபாளையம் வரை போய், இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஃப்ரீ டிஷ் வாங்கி வந்தார். மாட்டிவிட ஆள் கிடைக்கத்தான் ஒரு வாரம் ஆனது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தார்கள். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு, துபாயில் ஜடேஜா கடைசி பவுண்டரியை அடித்துச் சாம்பியன்ஸ் கோப்பை வந்ததும் போன் செய்தார். சட்டைப் பையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பேசுவதாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, 23-ஆம் தேதி, மறுபடி போன். சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும்.

“இதுல சென்னை மேட்ச் வரலியே?”

“வராது பெரியப்பா. அது பட்டியல்ல இல்ல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, கேபிள்காரத் தம்பிகிட்ட அந்த ஒரு சேனலை ரெண்டு மாசத்துக்குப் போடச் சொல்லுதேன். இந்தியா ஆடுறப்போ இந்தப் பெட்டி, தோனி ஆடுறப்போ அந்தப் பெட்டி,” என்றார்.